என். விட்டல்: பரிந்துரை அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஊழலை எதிர்த்த நான்கு ஆண்டுகள்

2000ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் தன் இணையதளத்தில் ஒரு பெயர்ப்பட்டியலை வெளியிட்டது. யார்மீது குற்றவழக்குத் தொடர வேண்டும், யார்மீது பெருந்தண்டனைக்கான துறை விசாரணை நடத்த வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்திருந்ததோ, அந்த ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளின் பெயர்கள் அதில் இருந்தன. அதனால் யாரும் கைதாகவில்லை. புதிதாக ஒரு வழக்கும் பதிவாகவில்லை. பட்டியலில் இருந்த ஒவ்வொரு பெயரும் ஏதோ ஓர் அமைச்சகத்தின் கோப்பில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததுதான். கோப்புக்குள் இருந்ததைக் குடிமக்கள் முதன்முறையாகப் படிக்க முடிந்தது என்பது மட்டுமே புதிது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் நாடு முழுவதற்கும் வர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்த அந்தக் காலத்தில் அதுவே பெரும் அதிர்ச்சியாக இருந்தது.

அந்த முடிவை எடுத்தவர் அன்றைய ஆணையர் நாகராஜன் விட்டல். அவர் செய்ததன் எடையைப் புரிந்துகொள்ள, அவர் அமர்ந்திருந்த நாற்காலிக்கு எவ்வளவு குறைவான அதிகாரம் இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஊழலுக்கு எதிரான அமைப்புகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அதிகாரம் போதவில்லை' என்ற குறையையே கேட்டுப் பழகியிருக்கிறோம். அந்தக் குறை உண்மைதான். ஆனால் இருக்கும் அதிகாரத்தின் கடைசித் துளியையும் ஒருவர் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு விட்டலின் பதவிக்காலம் ஒரு சான்று. தனி மனிதரின் உறுதியை நம்பி நிற்கும் நேர்மை எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதையும் அதே நான்கு ஆண்டுகள் காட்டுகின்றன.

விட்டல் 1938இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 1960ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஐ.ஏ.எஸ். பணிக்குத் தேர்வாகி, குஜராத் மாநிலப் பணியில் சேர்ந்தார். காண்ட்லா தடையற்ற வர்த்தக மண்டலம், பரூச்சில் உள்ள குஜராத் நர்மதா பள்ளத்தாக்கு உர நிறுவனம் போன்ற இடங்களில் பொறுப்பு வகித்த பிறகு, 1990இல் மத்திய மின்னணுவியல் துறையின் செயலரானார். மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் என்ற திட்டம் அவர் அங்கிருந்த காலத்தில்தான் உருப்பெற்றது. ஏற்றுமதி செய்யும் மென்பொருள் நிறுவனங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தரவு இணைப்பைக் கொடுத்து, ஒவ்வோர் அனுமதிக்கும் வெவ்வேறு அலுவலகத்தின் படியேற வேண்டிய நிலையை மாற்றிய திட்டம் அது. பின்னர் தொலைத்தொடர்பு ஆணையத்தின் தலைவரானார். அந்தப் பதவியில் அவர் நீண்ட காலம் நீடிக்கவில்லை. அப்போது அத்துறையின் அமைச்சராக இருந்த சுக்ராமின் வீடுகளில் 1996இல் சிபிஐ சோதனையிட்டு மூன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் கைப்பற்றியதும், பின்னாளில் அவர் ஊழல் வழக்குகளில் தண்டனை பெற்றதும் எல்லோரும் அறிந்தவை. உரிமங்களும் கொள்முதலும் நிறைந்த துறைகளை உள்ளிருந்து பார்த்த ஒருவர் கண்காணிப்பு ஆணையத்துக்கு வந்தார் என்பதே இந்தப் பணிவரலாற்றில் முக்கியமானது. ஊழலை வெறும் தனிமனிதக் கெடுமதியாக மட்டும் அவர் பேசவில்லை; நடைமுறைகளின் பிறப்பிடத்திலேயே அதைத் தேடினார்.

ஆணையத்தின் கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. 1962இல் உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, ஊழல் தடுப்புக்கு ஒரு குழுவை அமைத்து, அதற்குத் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த கே. சந்தானத்தைத் தலைவராக்கினார். அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும், இரண்டாவது நிதி ஆணையத்தின் தலைவராகவும் இருந்தவர் சந்தானம். அக்குழுவின் பரிந்துரைப்படி 1964 பிப்ரவரியில் மத்திய கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. ஆனால் அது பிறந்தது நாடாளுமன்றச் சட்டத்தால் அன்று. அரசின் ஒரு தீர்மானத்தால். அரசு நினைத்தால் இன்னொரு தீர்மானத்தால் அதைக் கலைத்துவிடலாம். அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதன் வரம்புக்குள் வரவில்லை. மத்திய அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவனங்கள், அரசுடைமை வங்கிகள் ஆகியவற்றோடு அதன் எல்லை முடிந்தது. அந்த எல்லைக்குள்ளும் அது சொல்வது ஆலோசனைதான், கட்டளை அல்ல.

அந்த ஆலோசனை நடைமுறையில் எப்படி நகர்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஓர் உயர் அதிகாரி மீது புகார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அமைச்சகத்திலேயே இருக்கும் தலைமைக் கண்காணிப்பு அலுவலர் முதற்கட்ட விசாரணை நடத்தி அறிக்கையை ஆணையத்துக்கு அனுப்புவார். ஆணையம் அதைப் படித்து, புகாரை முடித்துவிடலாமா, சிறுதண்டனை போதுமா, பெருந்தண்டனைக்கான விசாரணை வேண்டுமா, குற்றவழக்கே தொடரலாமா என்று முதற்கட்ட ஆலோசனை தரும். கோப்பு அமைச்சகத்துக்குத் திரும்பும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை தயாராகும்; அதிகாரி பதிலளிப்பார்; விசாரணை அலுவலர் நியமிக்கப்படுவார்; ஆவணங்கள் கேட்கப்படும், கிடைக்காமல் போகும், மீண்டும் கேட்கப்படும். விசாரணை முடிந்தால் கோப்பு மறுபடியும் ஆணையத்துக்கு வந்து இரண்டாம் கட்ட ஆலோசனை பெறும். அதன்பின் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் கருத்தையும் கேட்க வேண்டும். குற்றவழக்கு என்றால், நியமன அதிகாரம் பெற்றவரின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. இத்தனை படிகளில் ஏதாவது ஒன்றில் கோப்பு உறங்கினால் போதும். அதற்குள் அதிகாரி பதவி உயர்வு பெற்றுவிடுவார், அல்லது ஓய்வு பெற்றுவிடுவார். அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவு நேர்மையான ஊழியரை மேலிடத்தின் பழிவாங்கலிலிருந்து காப்பதற்காக எழுதப்பட்டது. அந்தப் பாதுகாப்பு தேவையானதுதான். ஆனால் தாமதம் என்ற ஆயுதத்தோடு சேரும்போது அது வேறு ஆட்களைக் காப்பாற்றத் தொடங்கியது.

இந்த நிலையை அசைத்தது ஜெயின் ஹவாலா வழக்கு. அரசியல் தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பணம் கொடுக்கப்பட்டதாகக் குறிப்புகள் இருந்த நாட்குறிப்புகளை 1991இல் சிபிஐ கைப்பற்றியும் விசாரணை நகரவில்லை என்று வினீத் நாராயண் என்ற பத்திரிகையாளர் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 1997 டிசம்பர் 18 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு வழங்கிய தீர்ப்பு மூன்று பெரிய மாற்றங்களைக் கேட்டது. கண்காணிப்பு ஆணையத்துக்குச் சட்ட அந்தஸ்து தர வேண்டும். சிபிஐயின் செயல்பாட்டை மேற்பார்வையிடும் பொறுப்பை அதற்கு அளிக்க வேண்டும். இணைச் செயலர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிகளை விசாரிக்க சிபிஐ அரசிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்று அரசு போட்டு வைத்திருந்த உத்தரவு செல்லாது. தில்லி வட்டாரங்களில் 'சிங்கிள் டைரக்டிவ்' என்று வழங்கிய அந்த உத்தரவுதான் இந்தக் கட்டுரையின் மீதிக் கதை முழுவதிலும் தலைகாட்டப் போகிறது. வழக்குத் தொடர அனுமதி கேட்டால் மூன்று மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் மட்டும் மேலும் ஒரு மாதம் என்ற காலக்கெடுவும் அந்தத் தீர்ப்பில்தான் வந்தது.

தீர்ப்பை நிறைவேற்ற 1998 ஆகஸ்ட் 25 அன்று ஓர் அவசரச் சட்டம் வந்தது. செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தள்ளிய முன் அனுமதி முறையை அதிலேயே மீண்டும் நுழைத்திருந்தார்கள். ஆணையர் பதவி குடிமைப் பணி அதிகாரிகளின் வட்டத்துக்குள்ளேயே இருக்கும்படியும் எழுதியிருந்தார்கள். நீதிமன்றம் அதிருப்தி தெரிவித்த பிறகு அக்டோபரில் இரண்டும் திருத்தப்பட்டன. இந்த இழுபறியின் நடுவே, 1998 செப்டம்பர் 3 அன்று, விட்டல் ஆணையராகப் பொறுப்பேற்றார். ஆனால் அவசரச் சட்டம் 1999 ஏப்ரலில் காலாவதியானது. மக்களவையும் கலைந்ததால், அதை நிலையான சட்டமாக்குவதற்கான மசோதாவும் கைவிட்டுப் போனது. அரசு பழையபடி ஒரு தீர்மானத்தை வெளியிட்டு ஆணையத்தை நடத்தியது. ஆக, தன் நான்காண்டுக் காலத்தில் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் விட்டல் சட்டத்தின் துணையே இல்லாமல் பணியாற்றினார். பெயர்ப்பட்டியல் வெளியான நாளிலும் அவருக்கு இருந்தது அரசுத் தீர்மானத்தின் பலம் மட்டுமே. அவருடைய சுற்றறிக்கைகளின் தலைப்பிலேயே இந்தத் தடம் பதிந்திருக்கிறது. 1998இல் வந்தவை அவசரச் சட்டத்தின் 8(1)(எச்) பிரிவைக் குறிப்பிட்டன. 1999 ஏப்ரலுக்குப் பிறகு அதே அதிகாரத்துக்குத் தீர்மானத்தின் மூன்றாவது பத்தியை மேற்கோள் காட்ட வேண்டியிருந்தது.

அமைச்சகங்களின் கண்காணிப்பு நிர்வாகத்தை மேற்பார்வையிடலாம் என்ற அளவில்தான் அந்தப் பிரிவின் வாசகம் இருந்தது. அவருக்கு முன் இருந்த ஆணையர்கள் அதை ஒரு வழக்கமான வரியாகக் கடந்துபோயிருக்கக்கூடும். ஊழல் நடந்த பிறகு தண்டிப்பது மட்டும் கண்காணிப்பு ஆகாது, ஊழலுக்கு இடம்கொடுக்கும் நடைமுறையைத் திருத்துவதும் கண்காணிப்பே என்று விட்டல் அதற்குப் பொருள் கண்டார். அந்த வாசிப்பிலிருந்து பிறந்த முதல் பெரிய உத்தரவு 1998 நவம்பர் 18ஆம் தேதியிட்டது. ஒப்பந்தப்புள்ளிகளைத் திறந்த பிறகு, ஆகக் குறைந்த விலை கேட்டவரைத் தவிர வேறு யாருடனும் பேரம் பேசக்கூடாது என்றது அது.

கேட்பதற்குச் சிறிய விஷயமாகத் தோன்றும் இந்த உத்தரவு ஏன் பலரை உறுத்தியது என்பதை அரசுக் கொள்முதலில் இருப்பவர்கள் உடனே சொல்வார்கள். அதற்கு முன்பு, புள்ளிகளைத் திறந்து விலைகள் தெரிந்த பின் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருப்பவர்களையும் அழைத்து, 'நீங்களும் குறைத்துத் தருகிறீர்களா?' என்று கேட்பது வழக்கமாக இருந்தது. அரசுக்குப் பணம் மிச்சம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் பின்னால் ஒரு பேச்சுவார்த்தை இருக்கிறது என்று தெரிந்தால் முதலிலேயே தன் உண்மையான விலையை எழுதிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. யாரை அழைப்பது, யாரிடம் என்ன சொல்வது, யாருடைய விலையை யாருக்குக் கசியவிடுவது என்ற முடிவுகள் அனைத்தும் மூடிய அறைக்குள் ஒருசில அதிகாரிகளின் கையில் வந்து சேரும். கையூட்டு பிறக்கும் இடம் அதுதான். அந்த அறையின் கதவை ஒரு சுற்றறிக்கை சாத்தியது. ஆகக் குறைந்த விலை கேட்டவரைக் குறிக்கும் எல்-1 என்ற சொல் அரசு அலுவலகங்களில் இவ்வளவு பரவலானதில் அந்த உத்தரவுக்குப் பங்கு உண்டு. பின்னாளில், 2007இல், ஆணையம் இன்னும் ஒரு படி சென்று, எல்-1 உடன் பேசுவதுகூட விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே என்று வரையறுத்தது. குறைந்த விலையை மட்டும் பிடித்துக்கொண்டு தரத்தைக் கோட்டைவிட்டார்கள் என்ற விமர்சனமும் இந்த முறைமீது உண்டு. பணிகளின் தன்மையைப் பொறுத்து அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அது ஒப்பந்தப்புள்ளியின் தொழில்நுட்ப நிபந்தனைகளைச் சரியாக எழுதாததன் விளைவு. மூடிய அறைப் பேரத்தைத் திரும்பக் கொண்டுவருவது அதற்குத் தீர்வாகாது.

வங்கிகளிடம் அவர் பிறப்பித்த உத்தரவு இன்னும் துணிச்சலானது. அரசுடைமை வங்கிகள் தங்கள் வணிகத்தில் 70 சதவீதத்தை 2001 ஜனவரி 1க்குள் கணினிமயமாக்க வேண்டும் என்றார். ஓர் ஊழல் கண்காணிப்பு ஆணையருக்கு வங்கியின் கணினியோடு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். கையால் எழுதும் பேரேடுகளும், மாதக்கணக்கில் சரிபார்க்கப்படாமல் கிடக்கும் கிளைகளுக்கு இடையிலான கணக்குகளும் மோசடிக்கு எவ்வளவு வசதியானவை என்பதை 1992இன் பங்குச்சந்தை ஊழல் நாட்டுக்குக் காட்டியிருந்தது. கணினிமயத்தை ஊழியர் சங்கங்கள் தயக்கத்தோடு பார்த்த காலம். நிர்வாகங்களும் அந்தத் தயக்கத்தைச் சாக்காக வைத்துக்கொண்டிருந்தன. ஆணையத்தின் உத்தரவு வந்ததும், முன்னேற விரும்பிய வங்கித் தலைவர்களுக்கு 'இது எங்கள் விருப்பம் அன்று, ஆணையத்தின் கட்டாயம்' என்று சொல்ல ஒரு பிடி கிடைத்தது. மின்னணுவியல் துறையில் கற்றதை அவர் கண்காணிப்புத் துறைக்குக் கொண்டுவந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே காலத்தில்தான் மத்திய அரசு அலுவலகங்களில் 'லஞ்சம் கொடுக்காதீர்கள். யாராவது கேட்டால் ஆணையத்திடம் புகார் செய்யுங்கள்' என்ற பொருளில் பலகைகளை வைக்கச் சொல்லி உத்தரவும் போனது.

அவர் எடுத்த முடிவுகளில் என்னை இன்றும் இரண்டு மனதாக வைத்திருப்பது மொட்டைக் கடிதங்களைப் பற்றியது. பெயரில்லாத, அல்லது பொய்ப் பெயரில் வரும் புகார்கள் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக்கூடாது என்று 1999 ஜூன் 29 அன்று அவர் உத்தரவிட்டார். அதற்குக் காரணம் இருந்தது. பதவி உயர்வுக் குழு கூடும் வாரத்தில் ஒரு மொட்டைக் கடிதம் சரியாக வந்து சேரும். அதைக் காட்டி, பதவி உயர்வுக்குத் தேவையான கண்காணிப்புத் தடையின்மைச் சான்று நிறுத்தப்படும். பின்னர் குற்றமற்றவர் என்று தெரிந்தாலும் அந்த ஆண்டின் பதவி உயர்வு போனது போனதுதான். நேர்மையானவர்கள் முடிவெடுக்கவே அஞ்சி ஒதுங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனால் மறுபக்கம், உண்மையைச் சொன்னால் உயிருக்கே ஆபத்து என்ற நாட்டில் பெயரைப் போட்டால்தான் கேட்போம் என்பது எத்தனை வாய்களை அடைக்கும்? நெடுஞ்சாலைத் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் சத்யேந்திர துபே, முறைகேடுகளைப் பற்றிப் பெயரோடு பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். பெயர் காக்கப்படவில்லை. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகே, 2004இல், புகார் தருபவரின் அடையாளத்தைக் காக்கும் பொறுப்பு அரசின் தீர்மானம் ஒன்றின் மூலம் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மொட்டைக் கடிதத்தை மூடும்போதே இந்தக் கதவையும் திறந்திருக்க வேண்டும். முதல் பாதி 1999இல் வந்து, இரண்டாம் பாதிக்கு ஓர் உயிர் விலையாக வேண்டியிருந்தது.

பெயர்ப்பட்டியல் வெளியானபோது எழுந்த எதிர்ப்பும் முற்றிலும் தள்ளிவிடக் கூடியதன்று. பரிந்துரை என்பது தீர்ப்பு ஆகாது. விசாரணை முடிவதற்குள் ஒருவரின் பெயரை ஊரறியச் செய்தால், பின்னர் விடுவிக்கப்பட்டாலும் இழந்த மானம் திரும்பாது என்றார்கள். இயற்கை நீதியின் பார்வையில் இந்த வாதம் கனமானது. ஆனால் சாதாரண மனிதர் மீது ஒரு முதல் தகவல் அறிக்கை பதிவானாலே அது பொது ஆவணம். மறுநாள் நாளிதழில் பெயர் வரும். உயர் அதிகாரிக்கு மட்டும் ஏன் இந்தத் திரை? அதோடு, ஒரு சுதந்திரமான அமைப்பு ஆவணங்களைப் படித்துப் பார்த்த பின் எழுதிய பரிந்துரை அது. வெறும் குற்றச்சாட்டு அன்று. அந்தப் பரிந்துரையின் மீது ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்த அமைச்சகங்களும் பட்டியலால் அம்பலமாயின என்பதுதான் அதன் உண்மையான பயன் என்று நான் கருதுகிறேன். கோப்பை நகர்த்தும் அதிகாரம் இல்லாதவர், கோப்பு நகரவில்லை என்பதை எல்லோரும் பார்க்கும்படி செய்தார்.

இந்த அணுகுமுறைக்குப் பின்னால் ஒரு தெளிவான கணிப்பு இருந்தது. ஊழலுக்கு ஐந்து வேர்கள் உண்டு என்று கூட்டம் கூட்டமாகச் சென்று அவர் பேசினார்: பற்றாக்குறை, வெளிப்படைத்தன்மை இல்லாமை, சிக்கலான விதிகளும் தாமதமும், குற்றவாளிகளுக்குச் சட்டமே விரித்துக் கொடுக்கும் மெத்தை, ஊழல் செய்பவர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளும் உறவுமுறை. ஊழல் குறைந்த நாட்டை முதலிடத்தில் வைத்து வரிசைப்படுத்தும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் 1998ஆம் ஆண்டு அட்டவணையில் 85 நாடுகளில் இந்தியா 66ஆவது இடத்தில் இருந்தது. தொலைபேசிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு முதல் வேரைப் பற்றி விளக்கம் தேவைப்படவில்லை. தாராளமயத்துக்குப் பின் அந்த வரிசை மறைந்தபோது அந்த வரிசையில் முந்துவதற்குக் கொடுத்த கையூட்டும் மறைந்தது. மற்ற நான்கும் அவ்வளவு எளிதில் மறையவில்லை. 1988ஆம் ஆண்டின் பினாமி தடைச் சட்டத்தில் சொத்தைப் பறிமுதல் செய்வதற்கான விதிகளே எழுதப்படாமல் கிடந்ததை அவர் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். அந்தச் சட்டம் விரிவாகத் திருத்தப்பட்டு நடைமுறைக்கு வந்தது 2016 நவம்பரில்தான்.

2002 செப்டம்பரில் விட்டல் ஓய்வு பெற்றார். ஆணையத்துக்கான சட்டம் அதற்கு ஓராண்டு கழித்து, 2003 செப்டம்பரில் வந்தது. மூன்று பேர் கொண்ட ஆணையம், பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ஆகியோர் கொண்ட தேர்வுக்குழு, நாடாளுமன்றத்தில் ஆண்டறிக்கை என்று அமைப்புக்கு எலும்பும் சதையும் கிடைத்தன. எதிர்க்கட்சித் தலைவரின் எதிர்ப்பை மீறிச் செய்யப்பட்ட ஒரு நியமனத்தை 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், தனிநபரின் நேர்மையோடு பதவியின் நேர்மையையும் தேர்வுக்குழு எடைபோட வேண்டும் என்று சொன்னதும் இந்தச் சட்டம் இருந்ததால் முடிந்தது. ஆனால் அதே 2003 சட்டத்தின் வழியாகவே, சிபிஐயை ஆளும் தில்லி சிறப்புக் காவல் சட்டத்தில் 6ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, இணைச் செயலர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களை விசாரிக்க முன் அனுமதி வேண்டும் என்ற பழைய உத்தரவு மறுபிறவி எடுத்தது. 1997இல் நீதிமன்றம் நீக்கி, 1998இல் அவசரச் சட்டத்தில் நுழைந்து வெளியேறி, 2003இல் நிலைபெற்ற அதை, 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சமத்துவத்துக்கு எதிரானது என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. அந்தப் பிரிவு தொடக்கம் முதலே செல்லாததாகும் என்று 2023 செப்டம்பரில் இன்னோர் அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. அதற்கு முந்தைய மாதம்தான் சென்னையில் விட்டல் காலமாகியிருந்தார்.

இதற்கிடையில், 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கையும் களவுமாகப் பிடிபடும் வழக்குகளைத் தவிர, ஓர் அரசு ஊழியர் பணியின்போது எடுத்த முடிவோ அளித்த பரிந்துரையோ தொடர்பான புகாரில் விசாரணை தொடங்கவே அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது அது. உயர்நிலை அதிகாரிகளுக்கு மட்டும் பாதுகாப்பு தருவது பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னதற்கு, எல்லா நிலை ஊழியர்களுக்கும் அதை விரித்துவிட்டது அரசு. நல்ல நோக்கத்தோடு எடுத்த முடிவு தவறிப்போனால் சிறைக்குப் போக வேண்டுமோ என்று அதிகாரிகள் அஞ்சுவது பொய்யான அச்சம் அன்று. வங்கிக் கடன் முடிவுகளிலும் பெரிய கொள்முதல்களிலும் அந்த அச்சம் கோப்புகளை முடக்குவதை எவரும் பார்க்கலாம். ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து கொடுக்க வேண்டியவர், குற்றம் சாட்டப்பட்டவர் பணியாற்றும் அதே அரசாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அனுமதி தரலாமா கூடாதா என்பதைக் கண்காணிப்பு ஆணையமே குறித்த நாட்களுக்குள் தீர்மானிக்கட்டும். மறுத்தால் அதற்கான காரணத்தை வெளியிடட்டும். தன் ஆலோசனையை எந்தெந்தத் துறைகள் மீறின என்பதை ஆணையம் ஏற்கெனவே ஆண்டறிக்கையில் எழுதி நாடாளுமன்றத்தின் முன் வைக்கிறது. அனுமதி மறுக்கப்பட்ட வழக்குகளின் பட்டியலையும், மறுத்த அமைச்சகத்தின் பெயரோடு, அதே அறிக்கையில் சேர்க்கச் சொல்வதற்குப் புதிய ஆணையமோ புதிய பதவியோ தேவையில்லை.